விலை கொடுக்கும் மனச்சான்று

(வேலந்தாவளத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கத்தோலிக்க அறநெறி பற்றிப் பேச வேண்டும் என்று அழைத்தவர்கள், பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை என்னிடமே விட்டார்கள். நான் எடுத்துக்கொண்டிருப்பது பழைய கேள்வி ஒன்று. திருச்சபை ஒன்றைப் போதிக்கிறது. ஒரு கத்தோலிக்கரின் மனச்சான்று வேறொன்றைச் சொல்கிறது. அவர் எதற்குக் கீழ்ப்படிய வேண்டும்?

இந்தத் தமிழ்நாடு–கேரள எல்லையோரத்துக்கு இது தூரத்துக் கேள்வி அல்ல. இங்குள்ள தமிழ் இலத்தீன் கத்தோலிக்கர்கள் வெகுகாலம் கோயம்புத்தூர் மறைமாவட்டத்தோடு இருந்தவர்கள். 2013 டிசம்பர் 28 அன்று சுல்தான்பேட்டை மறைமாவட்டம் உருவானபோது அதற்குள் வந்தார்கள். பக்கத்திலேயே 1974இல் அமைந்த பாலக்காடு சீரோ மலபார் மறைமாவட்டத்து மக்கள். ஒரு வீட்டில் தமிழ்ப் பூசை, அடுத்த வீட்டில் மலையாளக் குர்பானா. பிரசவத்துக்குச் சிலர் பாலக்காட்டுக்குப் போகிறார்கள், சிலர் கோவைக்குப் போகிறார்கள். வழிபாட்டு முறை எதுவானாலும், ஆஸ்பத்திரி எதுவானாலும், இரண்டாவது குழந்தை பிறக்கும்போது பிரசவ வார்டில் ஒரு கேள்வி வந்து நிற்கிறது: "இதோட ஆபரேஷன் பண்ணிடலாமா?" கருத்தடை பற்றிய அந்தக் கேள்வியை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இன்று பேசுகிறேன்.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மனச்சான்றின் பெயரால் ஒருவர் நிற்கும்போது, அதற்கான விலையை அவரே கொடுக்கிறாரா, இன்னொருவர் தலையில் வைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். திருச்சபையின் அதிகாரத்தையும் அதே உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

போதனை சொல்வது என்ன?

மனச்சான்றின் உரிமை என்பது வெளியிலிருந்து கத்தோலிக்கத்துக்குள் நுழைந்த நவீனச் சரக்கு என்று நினைக்கும் நல்லவர்கள் உண்டு. அவர்கள் 13ஆம் நூற்றாண்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். புனித தாமஸ் அக்குவினாஸ் இதை ஆழமாக ஆராய்ந்தார். பிழைபட்ட மனச்சான்றுகூட ஒருவரைக் கட்டுப்படுத்தும் என்பது அவர் கண்ட முடிவு. ஒரு செயல் தீயது என்று ஒருவர் உண்மையாகவே நம்பினால், அது உள்ளபடி நல்லதாகவே இருந்தாலும், அந்த நம்பிக்கையை மீறி அதைச் செய்வது அவருக்குப் பாவம். கிறிஸ்துவை ஏற்பதையே எடுத்துக்காட்டாக வைத்து இதைச் சொல்லும் துணிவு அவருக்கு இருந்தது. ஆனால் அதோடு அவர் நிறுத்தவில்லை. அறிந்திருக்க வேண்டியதை அலட்சியத்தால் அறியாமல் விட்டவருக்கு அந்த அறியாமை மன்னிப்பாகாது என்றும் சேர்த்தார். பின்பற்றியே தீர வேண்டிய மனச்சான்றை, வளர்த்தே தீர வேண்டும் என்ற கடமையும் கூடவே வருகிறது.

அடுத்து 19ஆம் நூற்றாண்டு. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் திருத்தந்தையின் வழுவாவரத்தை அறிக்கையிட்டது. இனிக் கத்தோலிக்கர்கள் தங்கள் அறிவையும் நாட்டுப்பற்றையும் ரோமுக்கு ஒப்புக்கொடுத்தவர்கள் ஆகிவிட்டார்கள் என்று இங்கிலாந்தின் முன்னாள் பிரதமர் கிளாட்ஸ்டன் 1874இல் குற்றஞ்சாட்டினார். ஆங்கிலேயக் கத்தோலிக்கக் குருவான ஜான் ஹென்றி நியூமன் அதற்கு நார்ஃபோக் கோமகனுக்கு எழுதிய திறந்த மடல் வழியாக 1875இல் பதில் சொன்னார். கடவுளின் குரலாக ஒவ்வொருவர் உள்ளத்திலும் முதலில் பேசுவது மனச்சான்று. திருத்தந்தையின் பணியே அந்தக் குரலுக்குத் துணை நிற்பதுதான். அதை அழித்தால் அவர் தம் காலடியையே வெட்டிக்கொண்டவர் ஆவார் என்பது அவர் வாதம். தான் விரும்பியதைச் செய்யும் பிடிவாதத்துக்கு மனச்சான்று என்று பெயரிடும் வழக்கத்தையும் அதே மடலில் அவர் கடுமையாகச் சாடினார்.

நியூமன் 2019 அக்டோபர் 13 அன்று புனிதராக உயர்த்தப்பட்டார். அதே நாளில், அதே திருப்பலியில் புனிதராக அறிவிக்கப்பட்டவர் நம் பக்கத்து மாவட்டமான திருச்சூரில், புத்தன்சிறையில் பிறந்த மரியம் திரேசியா. காட்சிகள் கண்ட அந்த இளம்பெண்ணைச் சந்தேகித்த ஆயர், 1902 முதல் 1905 வரை அவர்மீது திரும்பத் திரும்பப் பேயோட்டும் சடங்கு நடத்தச் செய்தார். அவர் அதைத் தாங்கிக்கொண்டார். ஆனால் தனக்கு விடுக்கப்பட்ட அழைப்பையும் கைவிடவில்லை. 1914இல் திருக்குடும்பத் துறவற சபையைத் தொடங்கினார். மனச்சான்றின் உரிமையை எழுதிக் காத்தவரையும், அதிகாரத்தின் சோதனையைப் பொறுத்துக்கொண்டே தன் உள்ளத்தின் குரலைக் காத்தவரையும் திருச்சபை ஒரே நாளில் பீடத்தில் ஏற்றியது.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 டிசம்பர் 7 அன்று வெளியிட்ட இன்றைய உலகில் திருச்சபை என்ற ஏட்டில், மனிதன் கடவுளோடு தனித்திருக்கும் உள்ளறையாக மனச்சான்றைக் கண்டது. அதே நாளில் வந்த சமயச் சுதந்திரம் பற்றிய ஏடு, அந்த மனச்சான்றை உருவாக்கிக்கொள்ளும்போது திருச்சபையின் போதனையைக் கவனமாகக் கேட்க வேண்டும் என்றது. மனச்சான்று நன்மை தீமையைப் படைப்பதில்லை, கண்டுகொள்ளத்தான் செய்கிறது என்று 1993இல் இரண்டாம் ஜான் பால் வலியுறுத்தினார். மக்களின் மனச்சான்றைப் பக்குவப்படுத்தவே அழைக்கப்பட்டிருக்கிறோம், அதன் இடத்தில் நாமே போய் உட்கார்ந்துகொள்ள அல்ல என்று 2016இல் திருத்தந்தை பிரான்சிஸ் மேய்ப்பர்களுக்கு நினைவூட்டினார். இருவரும் எதிரெதிர் பேசியதாகச் சொல்பவர்கள் உண்டு. ஒரே கடமையின் இரண்டு பாதிகளைப் பேசினார்கள் என்றே நான் கொள்கிறேன்.

வடக்கன்குளத்துச் சுவர்

கொள்கை இவ்வளவு தெளிவாக இருந்தும் வாழ்க்கையில் ஏன் சிக்கல்? தமிழ்நாட்டிலேயே அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. திருநெல்வேலி மாவட்டம் வடக்கன்குளத்தில் 1872இல் ஒரு கோவில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல இரண்டு நீண்ட கூடங்கள் பீடத்தில் வந்து கூடும். ஒரு கூடத்தில் பிள்ளைமாரும் முதலிமாரும்; மறு கூடத்தில் நாடார்களும் மற்றவர்களும். நடுவே சுவர். ஒரே குருவானவர், ஒரே பூசை, ஒரே நற்கருணை. ஆனால் ஒருவர் மூச்சு மற்றவர் மேல் படக்கூடாது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயேசு சபையைச் சேர்ந்த பங்குத்தந்தை கௌசானெல் காலத்தில் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். சுவர் எங்கள் உரிமை, அதை மீண்டும் எழுப்பித் தாருங்கள் என்று ஆயரை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றது.

அவர்களைப் போலி பக்தர்கள் என்று சொல்லிவிட்டுக் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. தலைமுறை தலைமுறையாக வந்ததை விடக்கூடாது என்று அவர்கள் மெய்யாகவே நம்பியிருக்கலாம். ஆனால் அந்த நம்பிக்கைக்கு விலை கொடுத்தவர்கள் யார்? சுவருக்கு மறுபுறம் நின்றவர்கள். தன் நம்பிக்கையின் பாரத்தை அடுத்தவன் முதுகில் ஏற்றிவிட்டு அதை மனச்சான்று என்று சொல்ல முடியாது. இங்கே அதிகாரம் மனச்சான்றை நசுக்கவில்லை. தூங்கிக்கொண்டிருந்த மனச்சான்றைத் தட்டி எழுப்பியது. திருச்சபைக்கு அதிகாரம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில்.

ஆனால் அந்தச் சுவரை எழுப்ப இடம் கொடுத்ததும் அதே அதிகாரம்தான். மனச்சான்றுக்கு யார் விலை கொடுக்க வேண்டும் என்பது அந்த மண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனென்றால் திருவிதாங்கூர் அரண்மனை ஊழியராக இருந்த நீலகண்டன் 1745இல் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனது அதே வடக்கன்குளத்தில்தான். 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். தன் நம்பிக்கைக்கான விலையை அவர் தன் உயிரால் கொடுத்தார். 2022 மே 15 அன்று புனிதரானார். தேவசகாயத்தின் மனச்சான்றையும், சுவருக்காக வழக்காடியவர்களின் மனச்சான்றையும் ஒரே ஊர் பார்த்திருக்கிறது. வேறுபாட்டைக் காண நமக்குத் தத்துவப் படிப்பு வேண்டியதில்லை.

ஓர் உழவரும் அவருடைய ஆயரும்

தேவசகாயம் எதிர்த்து நின்றது அரசை. ஒரு கத்தோலிக்கரின் மனச்சான்றுக்கும் அவருடைய சொந்த ஆயரின் அறிவுரைக்கும் மோதல் வந்தால்? ஆஸ்திரியாவின் சாங்க்ட் ராடெகுண்ட் என்ற சிற்றூரில் பிரான்ஸ் யேகர்ஷ்டேட்டர் என்ற விவசாயி இருந்தார். கோவிலில் உபதேசியாரைப் போலப் பணிவிடை செய்தவர். மூன்று பெண் குழந்தைகளின் தகப்பன். 1938இல் ஹிட்லரின் ஜெர்மனியோடு ஆஸ்திரியாவை இணைப்பது பற்றிய வாக்கெடுப்பில் அந்த ஊரிலேயே எதிர்த்து வாக்களித்தவர் அவர் ஒருவர்தான்.

படைக்கு அழைப்பு வரும் என்று தெரிந்ததும் லின்ஸ் ஆயரைப் போய்ப் பார்த்தார். ஹிட்லரின் போர் அநீதியானது, அதில் ஆயுதம் எடுத்தால் பாவமாகாதா என்பது அவர் கேள்வி. போரின் நியாயத்தை எடைபோடுவது உன் வேலை அல்ல, நீ உன் குடும்பத்துக்குத்தான் பொறுப்பு என்ற பொருளில்தான் ஆயரின் பதில் அமைந்தது. பிரான்ஸ் வெளியே வந்தார். ஆனால் சமாதானம் அடையவில்லை. 1943 மார்ச்சில் படைமுகாமுக்குப் போய், ஆயுதம் ஏந்த மாட்டேன் என்று அறிவித்தார். காயம்பட்டோருக்குப் பணிவிடை செய்ய முன்வந்தார், ஏற்கவில்லை. சிறையில் இருந்தபோது, பிரான்ஸ் ரைனிஷ் என்ற குரு இதே காரணத்துக்காக முந்தின ஆண்டு கொல்லப்பட்டார் என்பதைச் சிறைக்குரு வாயிலாக அறிந்து பெரும் ஆறுதல் அடைந்தார். 1943 ஆகஸ்ட் 9 அன்று அவர் தலை வெட்டப்பட்டது.

இங்கே ஓர் எதிர்க்கேள்வி எழும். விலை கொடுத்தது அவர் மட்டுமா? மனைவி பிரான்சிஸ்காவும் மூன்று பிள்ளைகளும் கொடுக்கவில்லையா? நியாயமான கேள்வி. ஊரார் அந்த அம்மாளைத்தான் குறை சொன்னார்கள். போர் முடிந்த பிறகும் 1950 வரை அவருக்கு ஓய்வூதியம் கிடைக்கவில்லை. ஆனால் பிரான்ஸ் தன் முடிவை மனைவிக்கு மறைத்து எடுக்கவில்லை. முதலில் தடுக்கப் பார்த்த பிரான்சிஸ்கா பிறகு கணவரோடு நின்றார். தானும் கைவிட்டால் அவருக்கு யாருமே இல்லை என்று அறிந்து நின்றார். பாரத்தை ஒருவர்மேல் திணிப்பது வேறு. ஒருவர் மனமறிந்து தோள்கொடுப்பது வேறு.

2007 அக்டோபர் 26 அன்று அதே லின்ஸ் பேராலயத்தில் பிரான்ஸ் அருளாளராக உயர்த்தப்பட்டார். 94 வயது பிரான்சிஸ்கா அங்கே இருந்தார். ஆயரின் அறிவுரையை ஏற்காத ஓர் உழவரைத் திருச்சபை பீடத்தில் ஏற்றியது. அதிகாரமும் மனந்திரும்பக்கூடியது என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டுமா?

1968க்குப் பிறகு நம் வீடுகளில்

இனிப் பிரசவ வார்டுக் கேள்விக்கு வருகிறேன். கருத்தடை பற்றி ஆராய 1963இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் ஜான் அமைத்த குழுவை ஆறாம் பவுல் விரிவாக்கினார். மருத்துவர்கள், இறையியலாளர்கள், மணமான தம்பதியர் எல்லாரும் அதில் இருந்தார்கள். பம்பாய் கர்தினால் வலேரியன் கிரேசியஸும் உறுப்பினர். 1966இல் பெரும்பான்மையோர் போதனையில் மாற்றம் வேண்டும் என்றார்கள். திருத்தந்தை அதை ஏற்கவில்லை. 1968 ஜூலை 25 தேதியிட்ட மனித உயிர் என்ற சுற்றுமடலில், பொறுப்புள்ள பெற்றோராக இருப்பது கடமை என்றும், அதற்குச் செயற்கைக் கருத்தடை வழியாகாது என்றும் போதித்தார். கனடா ஆயர்களும் ஜெர்மன் ஆயர்களும் அதே ஆண்டில், மனமார முயன்றும் ஏற்க இயலாத தம்பதியரின் மனச்சான்றுக்கு இடம் விட்டு அறிக்கை வெளியிட்டார்கள். ஆறாம் பவுல் தம் முடிவுக்காகக் கத்தோலிக்கருக்குள்ளேயே கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். அதன்பின் பத்தாண்டு வாழ்ந்தும் வேறொரு சுற்றுமடல் அவர் எழுதவில்லை. அவரும் தம் மனச்சான்றின்படி நடந்து விலை கொடுத்தவரே. அவரோடு உடன்படாதவர்களும் இதை மதிக்க வேண்டும்.

அந்த மடலில் ஓர் எச்சரிக்கை இருந்தது. இந்தக் கருவிகள் அரசுகளின் கையில் சிக்கினால் மக்கள்மேல் திணிக்கப்படும் என்றார். 1971 ஜூலையில் எறணாகுளத்தில் ஒரே மாத முகாமில் 63 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கருத்தடை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன. வந்தவர்களுக்கு ரொக்கமும் அன்பளிப்புப் பொருள்களும் கொடுத்தார்கள். அவசரநிலைக் காலத்தில், 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேல். எத்தனை ஏழைகள் இலக்கை எட்டுவதற்காகப் பிடித்துச் செல்லப்பட்டார்கள் என்பது இந்தியா மறக்கக்கூடாத வரலாறு. ஏழையின் உடல் அரசின் கணக்குக்கு உரியதல்ல என்று சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. அந்தக் குரல் ரோமிலிருந்து வந்தது.

எறணாகுளம் முகாமில் மேசையில் படுத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆண்கள். இன்று? 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி கேரளத்தில் மணமான பெண்களில் ஏறத்தாழப் பாதிப் பேர், தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல், கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். ஆண்களின் பங்கு ஒரு விழுக்காடுகூட இல்லை. அதே ஆய்வில் இரு மாநிலங்களிலும் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தைகள். கத்தோலிக்க வீடுகள் இதற்கு வெளியே இல்லை. மேடையில் ஒரு போதனை, வீட்டில் வேறொரு நடைமுறை, இரண்டுக்கும் நடுவே நீண்ட மௌனம்.

அந்த மௌனத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். சிசேரியன் நாள் குறித்தாகிவிட்டது. கையெழுத்துப் போட வேண்டிய தாளை நர்ஸ் நீட்டுகிறார். மாமியார் கூடாது என்கிறாரோ, வேண்டும் என்கிறாரோ, கணவர் "நீயே பார்த்துக்கோ" என்று வராந்தாவுக்குப் போய்விடுகிறார். கையெழுத்துப் போட்ட பிறகு இந்தப் பெண் நன்மை வாங்கலாமா? பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டுமா? சொன்னால் சாமியார் என்ன கேட்பார்? சில பெண்கள் ஆண்டுக்கணக்காக நற்கருணை வரிசையில் எழுவதில்லை. சிலர் ஒவ்வொரு தவக்காலத்திலும் அதே பாவத்தைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். வராந்தாவில் நின்ற கணவர் மட்டும் எந்தக் கலக்கமும் இல்லாமல் வரிசையில் நிற்கிறார். இருவர் எடுக்க வேண்டிய முடிவுக்கு ஒருவருடைய உடலும் ஆன்மாவும் விலை கொடுக்கின்றன. இதை மனச்சான்றின் சுதந்திரம் என்று கொண்டாட என்னால் முடியாது. போதனைக்குக் கீழ்ப்படிதல் என்றும் சொல்ல முடியாது.

2021 ஜூலையில் பாலா மறைமாவட்டம், ஐந்தும் அதற்கு மேலும் பிள்ளைகள் உள்ள குடும்பங்களுக்கு மாதம் 1,500 ரூபாய் தருவதாக அறிவித்தது. கேரளம் முழுக்க விவாதம் எழுந்தது. பெரிய குடும்பத்துக்குத் திருச்சபை தோள்கொடுப்பதை நான் வரவேற்கிறேன். போதிப்பவர் பாரத்தில் பங்கெடுப்பது நல்ல தொடக்கம். ஆனால் மனச்சான்றுக்கு உதவித்தொகையைவிட முதலில் தேவைப்படுவது கேட்கும் காது.

பங்குக்குச் சில வேண்டுகோள்கள்

மேய்ப்பர்களுக்கு முதல் வேண்டுகோள். போதனையை முழுமையாகச் சொல்லுங்கள். கருத்தடை கூடாது என்பதைச் சொல்லும் அதே மூச்சில், பொறுப்புள்ள பெற்றோராக இருப்பது கடமை என்பதையும், எத்தனை பிள்ளை என்பதைக் கடவுள் முன்னிலையில் தீர்மானிக்க வேண்டியவர்கள் கணவனும் மனைவியுமே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் போதித்ததையும், தடுமாறுபவர்களிடம் பொறுமை காட்டும்படி ஆறாம் பவுலே குருக்களைக் கேட்டுக்கொண்டதையும் சொல்லுங்கள். பாதி போதனை பயத்தைத்தான் வளர்க்கும்.

இரண்டாவது, திருமணத் தயாரிப்பு வகுப்பு. இயற்கை முறைகளைக் கற்பிக்கும்போது ஆண்களை நேராகப் பார்த்துப் பேசுங்கள். அந்த முறைகள் கேட்கும் தன்னடக்கத்தில் பாதிக்கு மேல் கணவனுடையது. அதை அவனிடம் கேட்காமல், தவறியதற்கான பழியை மனைவியிடம் மட்டும் கேட்பது அநீதி.

மூன்றாவது, நம் அன்பியக் கூட்டங்கள். செபமாலையும் தேநீரும் முடிந்தபின், நம்பிக்கைக்குரிய ஒரு சகோதரியோடு பெண்கள் தனியே மனம்விட்டுப் பேச ஓர் அரைமணி நேரம் வேண்டும். ரைனிஷ் குருவைப் பற்றிக் கேள்விப்பட்டபோது சிறையிலிருந்த பிரான்ஸ் பெற்ற ஆறுதலை எண்ணிப் பாருங்கள். மனச்சான்று தனியாகத்தான் முடிவெடுக்கிறது. ஆனால் தனியாக வளர்வதில்லை.

பொதுநிலையினருக்கு ஒரு வார்த்தை. 'என் மனச்சான்று' என்று சொல்லுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வோம். திருச்சபை ஏன் இப்படிப் போதிக்கிறது என்று படித்தேனா, கேட்டேனா? என் முடிவால் பாரம் சுமப்பவரிடம் கலந்து பேசினேனா? அந்தப் பாரத்தில் என் பங்கை நான் சுமக்கிறேனா? மூன்றுக்கும் ஆம் என்று கடவுள் முன்னால் சொல்லக்கூடியவர், முடிவில் போதனையோடு ஒத்துப்போக முடியாத இடத்தில் நின்றாலும், அவரைத் திருச்சபையின் பகைவராக யாரும் நடத்தக்கூடாது. மூன்றையும் கேட்காமலே முடிவெடுத்தவர், போதனைக்கு எழுத்துப் பிசகாமல் நடந்தாலும் இன்னும் மனச்சான்றின் வாசலுக்கே வரவில்லை.

அதிகாரமும் மனச்சான்றும் ஒன்றையொன்று வெல்லப் பிறந்தவை அல்ல. வடக்கன்குளத்தில் அதிகாரம் மனச்சான்றைத் திருத்தியது. லின்ஸில் மனச்சான்று அதிகாரத்தைத் திருத்தியது. இரண்டு திருத்தங்களும் திருச்சபையை அழிக்கவில்லை, தூய்மையாக்கின. அந்தத் திருத்தம் நம் பங்குகளில் நடக்க வேண்டுமானால், இதுவரை பேசாமல் விலை மட்டும் கொடுத்துவந்த பெண்கள் முதலில் பேச வேண்டும். போதிப்பவர்களும் கணவர்களும் முதலில் கேட்க வேண்டும். அதை இந்த எல்லையோரத்துப் பங்குகள் தொடங்கிவைக்கட்டும்.